அம்பு வந்து சேர்வதற்குள் மான் எப்படிக் குனிகிறது?

உடுமலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். அவருடைய அக்கா மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறான். அங்கே முறைப்படி உரிமம் வாங்கி, முதல் தடவையாகக் குறுக்குவில்லோடு (விசை வைத்த 'கிராஸ்போ') மான் வேட்டைக்குப் போயிருக்கிறான். 35 கெஜ தூரத்தில் ஒரு வெள்ளைவால் மான் நடந்து போயிருக்கிறது. வாயால் 'மே' என்று சத்தம் கொடுத்து அதை நிறுத்தி, ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கிற தொலைநோக்கியில், 40 கெஜத்துக்கான கோட்டை நெஞ்சின் நடுவில் வைத்து விசையை இழுத்திருக்கிறான். அம்பு முதுகுக்கு மேலே போய்விட்டது. வில்லின் வேகம் நொடிக்கு 330 அடி என்று பெட்டியில் போட்டிருக்கிறதாம். வில்லில் மாட்டியிருந்த கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அம்பு வருவதற்கு முன்பே மான் கீழே இறங்கிவிட்டிருக்கிறது. அம்பு வருவதை மான் பார்த்துவிடுமா, நம் ஊர் மானும் இப்படித்தானா, ஒருவேளை அடிபட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மூன்று கேள்விகள்.

மான் பார்க்கவில்லை. கேட்டது. அம்பிலிருந்து தப்பிக்கவும் அது குனியவில்லை. ஓடுவதற்குத் தயாரானது, அவ்வளவுதான்.

நான் மறையூர்க்காரன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சின்னாறு காட்டோரத்தில் இருபது வருடமாகக் கேமராவோடு அலைகிறேன். வேட்டையாடியதில்லை, இங்கே ஆடவும் முடியாது. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, முயற்சி செய்து தோற்பதுகூட அடங்கும். அதனால் வில் பற்றி நான் சொல்வதெல்லாம் பென்சில்வேனியாவுக்கு. வேட்டைக்காரர்களின் வழக்கம் தெரிந்தது என் பழைய மாணவன் ஒருவன் மூலமாக. அங்கே குடியேறி, வருடா வருடம் அக்டோபரில் காட்டுக்குப் போகிறவன். அவன் தொலைபேசியில் கேட்ட சந்தேகங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துத்தான் எனக்கு இதில் ஆர்வமே வந்தது.

முதலில் நம் ஊர் மானைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கண்ணால் பார்த்தது அதைத்தான். ஆலாம்பட்டிப் பக்கம் ஒரு நாள் காலையில் ஒரு புள்ளிமான் சுமார் இருபது மீட்டரில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. என் பழைய கேமராவில் உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும், 'டக்' என்று நல்ல சத்தம் போடும். நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும். பொத்தானை விடாமல் அழுத்தினேன். வீட்டுக்கு வந்து திரையில் போட்டுப் பார்த்தபோது முதல் படத்தில் மான் சாதாரணமாக நிற்கிறது. இரண்டாவதில் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்றாவதில் முன்னங்கால்கள் மடங்கி, நெஞ்சு நாலு விரல் கீழே. ஐந்தாவதில் மான் காற்றில். படம் ஒன்றுக்கும் உதவவில்லை, ஆனால் அந்த மூன்றாவது படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். என்னோடு காட்டுக்கு வருகிற, முதுவான் பழங்குடியைச் சேர்ந்த பெரியவரிடம் காட்டினேன். அவர் அதிசயப்படவே இல்லை. "சத்தம் கேட்டா முதல்ல உக்காரும் சார், அப்புறம்தான் ஓடும்" என்றார். நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க நினைத்ததை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார்.

ஏன் உட்கார வேண்டும்? உறியடியில் உறியை எட்டிப் பிடிக்கிற பையனைப் பாருங்கள். எம்புவதற்கு முன் முழங்காலை மடக்குவான். நேராக நீட்டிய காலை வைத்துக்கொண்டு யாராலும் குதிக்க முடியாது. மானுக்கும் அதே விதிதான். நிமிர்ந்து நிற்கிற கால்களை மடக்கி, உடம்பை இறக்கி, அந்த மடங்கலிலிருந்துதான் உந்த வேண்டும். நாம் பார்ப்பது அந்த மடங்கலை. அதற்குள் அம்பு மேலே போய்விட்டால், மான் குனிந்து ஏமாற்றியது போலத் தெரிகிறது. மானுக்கு அம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மடங்குகிற முடிவை அது யோசித்து எடுப்பதுமில்லை. சமையலறையில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் நம் தோள் தானாகத் தூக்கிக்கொள்கிறதே, அந்தத் திடுக்கிடல்தான். காதிலிருந்து மூளைத்தண்டு வரை போய், அங்கிருந்தே தசைகளுக்குத் திரும்பிவிடுகிற குறுக்குப் பாதை அது. சத்தம் கேட்டதும் விரலால் பொத்தானை அழுத்தச் சொன்னால் மனிதருக்கு ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும். திடுக்கிடல் அதைவிட மிகச் சீக்கிரம் வந்துவிடும். மானுக்கு 0.06 விநாடி என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குப் போடுகிறேன். இந்த எண் என் அனுமானம்தான், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது வில். குறுக்குவில்லைப் பார்த்தால் துப்பாக்கி மாதிரி இருக்கும். தோளில் அணைக்கிற கட்டை, விசை, மேலே ஸ்கோப். புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். உருவம் துப்பாக்கி, உள்ளே இருப்பது வில். துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும், சத்தம் சுமார் 340 மீட்டர்தான் போகும். மான் வெடிச் சத்தத்தைக் கேட்பதற்குள் குண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. குறுக்குவில்லில் இது அப்படியே தலைகீழ். 330 அடி என்றால் 100 மீட்டர். சத்தத்தின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாண் 'டப்' என்று அடித்த சத்தம் முன்னால் ஓடிப் போய், "பின்னால் ஒருத்தன் வருகிறான்" என்று சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு, கையால் இழுத்து விடுகிற வில்லைவிடக் குறுக்குவில்லின் சத்தம் பெரிது. வில்லின் குட்டையான கைகளில் 70, 80 கிலோ இழுவிசையைச் சேர்த்து வைத்து ஒரே நொடியில் விட்டால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

உங்கள் அக்கா மகனின் 35 கெஜம் என்பது 32 மீட்டர். அம்பு போகப் போகக் கொஞ்சம் தளரும் என்பதால் அந்தத் தூரத்துக்கு 0.33 விநாடி வைத்துக்கொள்ளலாம். சத்தம் 0.095 விநாடியில் போய்விடும். மானுக்குக் கிடைக்கிற இடைவெளி 0.235 விநாடி. திடுக்கிட 0.06 போனால் மிச்சம் 0.175. அந்த நேரத்தில் எவ்வளவு இறங்க முடியும்? இதற்கு ஒரு எல்லை உண்டு. கால் தரையைத் தள்ளத்தான் முடியும், தரையைப் பிடித்து உடம்பைக் கீழே இழுக்க முடியாது. காலை மடக்கிவிட்டால் மான் கீழே விழுகிறது, மாங்காய் விழுகிற அதே வேகத்தில். 0.175 விநாடியில் விழுகிற தூரம் 15 சென்டிமீட்டர்.

ஆனால் 15 சென்டிமீட்டர் மட்டும் அந்த அம்பை முதுகுக்கு மேலே அனுப்பியிருக்காது. வளர்ந்த வெள்ளைவால் மானின் நெஞ்சு மேலிருந்து கீழே சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். நடுவில் குறி வைத்தால் மேலே 20 இருக்கிறது. 15 இறங்கினாலும் அம்பு முதுகின் மேல்பகுதியிலாவது பட்டிருக்க வேண்டும். படவில்லை என்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 40 கெஜக் கோட்டிலிருந்து. அம்பு போகிற வழியிலேயே தாழ்ந்துகொண்டு போகும். அதனால் ஸ்கோப்பில் 20, 30, 40, 50 என்று ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு கோடு இருக்கும், தூரம் கூடக் கூட வில்லை அந்த அளவுக்கு மேலே தூக்க வைக்கிற மாதிரி. 35 கெஜத்தில் நிற்கிற மானுக்கு 40 கெஜக் கோட்டை வைத்தால், இந்த வேகத்து வில்லில் அம்பு சுமார் 7 சென்டிமீட்டர் உயரமாகப் போகும். 15ம் 7ம் 22. முதுகு இருந்தது 20இல். இரண்டு சென்டிமீட்டரில் தப்பியது. பாதி மானின் வேலை, பாதி வில் பிடித்த தம்பியின் வேலை என்று சொல்லலாம், கணக்குப்படி மானுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

அடுத்தது அந்த 'மே'. அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் செய்வதுதான், காரணமும் இருக்கிறது. நிதானமாக நடக்கிற மான்கூட அம்பு வருகிற 0.33 விநாடியில் கிட்டத்தட்ட ஒரு முழம் நகர்ந்துவிடும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும், அதைவிட மோசம் கிடையாது. அதனால் நிறுத்துகிறார்கள். ஆனால் சத்தம் கேட்டு நின்ற மான் சும்மா நின்ற மான் அல்ல. இரண்டு காதும் உங்கள் பக்கம், கண் உங்கள் பக்கம், தசையெல்லாம் பாதி முறுக்கிய நிலையில். அடுத்து வருகிற எந்தச் சின்னச் சத்தத்துக்கும் ஓடத் தயாராக இருக்கிறது. வேலியோரத்தில் இங்கே நான் பார்க்கிற புள்ளிமானும் அப்படித்தான். குனிந்து மேய்கிறபோது சுள்ளி முறிந்தால் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேயும். ஏற்கெனவே தலையைத் தூக்கி முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தால், கேமராவின் 'டக்' ஒன்றே போதும். என்னைக் கேட்டால், நடக்கிற மானைக் கூப்பிட்டு நிறுத்துவதைவிட, அதுவாக நின்று வாயைப் புல்லில் வைக்கிற வரை பொறுப்பது மேல். வைக்கவில்லையென்றால் அன்றைக்கு அந்த மான் நமக்கில்லை.

மிளா கொஞ்சம் வேறு மாதிரி. மலையாளத்தில் ம்லாவு என்பார்கள். பெரிய உடம்பு. சந்தேகம் வந்தால் அது உடனே பாய்வது குறைவு. நின்ற இடத்திலேயே வாலைத் தூக்கி, காலை உதைத்து, ஊதல் போல ஒரு கத்து கத்தும், பக்கத்து மலைக்கே கேட்கும். கேளையாடு என்கிற சின்ன மான் எப்போது ஓடியது என்றே தெரியாது, புதர் அசைவது மட்டும்தான் தெரியும். இவற்றின் திடுக்கிடலை நான் படம் படமாகப் பார்த்ததில்லை. புள்ளிமான் விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பழக்கம் என்பதும் ஒன்று இருக்கிறது. உடுமலை - மூணாறு சாலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் கியர் மாற்றிக் கத்திக்கொண்டு ஏறும், பத்தடியில் நிற்கிற புள்ளிமான் அசை போடுவதை நிறுத்தாது. அதே மான், கார்க் கதவை மெதுவாகச் சாத்தினால் சிதறி ஓடும். சத்தத்தின் அளவைவிட அது எதிர்பாராத சத்தமா என்பதுதான் முக்கியம். அமெரிக்காவிலும் வீடுகளுக்கு நடுவே திரிகிற மான்கள் புல்வெட்டி இயந்திரத்தைக் கண்டுகொள்வதில்லையாம். ஆனால் நாண் சத்தம் எந்த மானுக்கும் பழகுகிற சத்தம் அல்ல. வெள்ளைவால் மானின் காது நொடிக்கு 4,000 முதல் 8,000 அலைவு வரை உள்ள ஒலிகளுக்கு மிகக் கூர்மையானது. சுள்ளி முறிவது, இலை நசுங்குவது, உலோகம் உரசுவது எல்லாம் இங்கேதான் வரும். காற்று வீசுகிற நாளில், இலையில் மழை சொட்டுகிற நாளில் சத்தம் கொஞ்சம் மறையும். பனி விழுந்து காடு அசையாமல் நிற்கிற காலை நேரம், வேட்டைக்காரனுக்கு அழகாகத் தெரிகிற அந்த நேரம்தான், நாண் சத்தத்துக்கு மிக மோசமானது.

இதைக் கேட்டதும் தம்பி வேகமான வில் வாங்கலாமா என்று கேட்பான். என் மாணவனும் அதைத்தான் கேட்டான். உதவாது என்று சொல்ல மாட்டேன். நொடிக்கு 460 அடி போகிற வில் இருக்கிறது. அதே 32 மீட்டரில், அதே கணக்கில், மான் இறங்குவது 3 சென்டிமீட்டர்தான். விலையும் எகிறும், சத்தமும் எகிறும். ஆனால் கையில் இருக்கிற பழைய வில்லோடு 18 மீட்டருக்குள், அதாவது 20 கெஜத்தில், சுட்டால் மான் இறங்குவது 2 சென்டிமீட்டர். பதினான்கு மீட்டர் கிட்ட இருப்பது விலை உயர்ந்த வில்லைவிடக் கூடுதலாகவே செய்துவிடுகிறது. அதே வில்லை 50 கெஜத்துக்குக் கொண்டு போனால் மான் 35 சென்டிமீட்டருக்குப் பக்கமாக இறங்கும் நேரம் கிடைக்கிறது. தூரம் ஒன்றரை மடங்கு கூடினால் இறக்கம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, ஏனென்றால் விழுகிற தூரம் நேரத்தின் வர்க்கத்தில் வளரும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். அந்தத் தூரத்தில் மான் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஸ்கோப்பில் 50க்குக் கோடு போட்டிருக்கிறார்கள் என்பதற்காக மானுக்கு அது தெரியுமா என்ன? என் கருத்தில் இந்த வில்லுக்கு 30 கெஜம் எல்லை. அதற்கு மேல் விடுவது மானைக் காயப்படுத்தி அனுப்புகிற வேலை.

வில்லின் சத்தத்தைக் குறைக்கச் சில சின்ன வழிகள் உண்டு. நாணில் ரப்பர் அடக்கிகள் போடலாம். கனமான அம்பு வைத்தால் வில்லின் சக்தி அம்புக்குள் அதிகம் போய், அதிர்வாகவும் சத்தமாகவும் மிஞ்சுவது குறையும். வேகம் கொஞ்சம் இறங்கும். குறியைப் பொறுத்தவரை, நடு நெஞ்சை விட்டு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லுங்கள். மான் அசையாமல் நின்றால் இதயம், நாலைந்து விரல் இறங்கினால் நுரையீரல். குறி வைக்க வேண்டிய இடமே ஒரு சாண்தான், அதன் அடியில் வைத்தால் இறங்குவதற்கு இடம் இருக்கும். மான் எவ்வளவு இறங்கும் என்று ஊகித்து நெஞ்சுக்கும் கீழே வெறும் காற்றில் குறி வைப்பவர்களும் உண்டு. அது சூதாட்டம். இறங்காமல் நின்றுவிட்டால் காலில் படும்.

இனி மூன்றாவது கேள்வி. இதை நான் ஒரு விபத்தில் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் சின்னாறு செக்போஸ்ட் தாண்டி ஒரு மாலையில், எங்களுக்கு முன்னால் போன ஜீப் ஒரு பெண் புள்ளிமானை இடித்துவிட்டது. மான் விழவில்லை. பின்னங்காலை ஒரு உதை உதைத்துவிட்டு, உடம்பைத் தாழ்த்தி, முழு வேகத்தில் புதருக்குள் போய்விட்டது. ஜீப் ஓட்டியவர், "ஒண்ணும் ஆகல, ஓடிருச்சு" என்று கிளம்பிவிட்டார். எங்களோடு இருந்த வனக் காவலர் எங்களை இறங்க விடவில்லை, வண்டியிலேயே அரை மணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் டார்ச் அடித்துக்கொண்டு போனோம். எண்பது அடிகூட இல்லை, படுத்துக் கிடந்தது. மூக்கில் இளஞ்சிவப்பில் நுரை. விலா முறிந்து நுரையீரலில் ஏறியிருந்தது. ஓடிய வேகத்தைப் பார்த்து அது பிழைத்தது என்று நானும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அம்பிலும் அதேதான் என்கிறான் மாணவன். நெஞ்சில் பட்ட மான் பெரும்பாலும் பின்னங்காலை உதைத்து, தாழ்ந்து, கண்மண் தெரியாமல் ஓடும். வயிற்றில் பட்டது முதுகைக் கூன் போட்டு, சில அடி ஓடி, நின்று, நடந்து போகும். தப்பியது வெள்ளைவாலைக் கொடி போலத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் வாலை மட்டும் நம்பாதீர்கள், அடிபட்டும் வாலைத் தூக்கிய மான்கள் உண்டு. சாட்சி அம்புதான். போய் எடுத்துப் பார்க்க வேண்டும். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம். பச்சையாகப் பிசுபிசுத்து நாற்றம் அடித்தால் வயிறு, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. போனால் படுத்த மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடும், அப்புறம் யாருக்கும் கிடைக்காது. அம்பு சுத்தமாக, மண் மட்டும் ஒட்டி இருந்தால் தப்பியது என்று அர்த்தம். அப்படியிருந்தும் மான் ஓடிய வழியில் நூறு அடியாவது ரத்தம் தேடிவிட்டு வர வேண்டும். தம்பி அம்பை எடுத்துப் பார்த்தானா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

கடைசியாக என் 0.06. தம்பியிடம் இருக்கிற காணொளி நொடிக்கு 240 படம் ஓடுகிற வகையாக இருந்தால், ஒரு படத்துக்கு 0.004 விநாடி சொச்சம். நாண் விடுபட்ட படத்தை ஒன்று என்று வைத்து எண்ணச் சொல்லுங்கள். என் கணக்கு சரியென்றால் 37ஆவது படம் வாக்கில் மானின் முன்னங்கால் மடங்கத் தொடங்க வேண்டும், 79 வாக்கில் அம்பு முதுகைத் தாண்ட வேண்டும். 37க்கு ரொம்ப முன்னால் அசைந்திருந்தால், அந்த மான் நாண் சத்தத்துக்கு அசையவில்லை, 'மே'வுக்கே கிளம்பிவிட்டது. எந்த எண் வருகிறது என்று எழுதுங்கள், கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்.